எட்டாவது பாட்டு

நாற்பத்தொரு நிமிஷம் என்று ரேணு சொன்னாள். பத்துப் பாட்டும் வரிசையா ஓடும், நடுவுல நிறுத்தமாட்டேனுங்க அக்கா, யாரோ புதுசா கேக்கறவங்க மாதிரி கேளுங்க, குறையிருந்தா கடைசியில சொல்லுங்க என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தன் ஒலிப்பதிவுப் பெட்டிகளின் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை, காலை பதினோரு மணிக்கே சாயங்காலம் போல இருக்கிறது. அவளுக்குப் பின்னால் ஒரு பழைய சோபா, அதில் நானும் என் வீட்டுக்காரர் பெஞ்சமினும். எனக்கு வலது பக்கம் அவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுவது, இன்றைக்கு வியாழக்கிழமை. அவருடைய வலது கை தொடைக்கு அடியில் இருக்கிறது. தூரத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்புகிறது, தண்டவாளத்தின் மேல் சக்கரம் போகிறது போல. டிரம்மின் மேல் பிரஷ்ஷை வைத்துத் தேய்ப்பதுதான் அது, எனக்குத் தெரியும், தேய்த்த ஆளையும் தெரியும், இருந்தும் வண்டி வருகிறதென்று நிமிர்ந்து உட்காருகிறேன். அதன்மேல் பெஞ்சமினின் கிட்டார் வந்து ஏறிக்கொள்கிறது. அதன்மேல் நான். ‘மாரிக்குப்பம் வண்டி’, எங்கள் தங்கவயலுக்குப் போகிற ரயில். முதல் பாட்டும் அதுதான், ஆல்பத்தின் பெயரும் அதுதான், அட்டையில் அதற்குக் கீழே ஹில்டா என்று மட்டும் போட்டிருக்கிறது. ஹில்டா பெஞ்சமின் என்று போடச் சொன்னேன், அவர்தான் வேண்டாம் என்றார், பேரு நீளமா இருந்தா யாரு ஞாபகம் வெச்சிப்பாங்க என்றார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் ஆல்பம். பெங்களூரின் ஹோட்டல்களிலும் கிளப்புகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் இருபத்தேழு வருஷம் அடுத்தவர்கள் பாட்டைப் பாடின தொண்டை இப்போது தன் பாட்டைப் பாடுகிறது, சந்தோஷப்படு, இதற்குத்தானே வந்தாய். ஆனால் நான் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரேணுவின் திரையில் ஒரு ஓரத்தில் நொடிகள் ஓடுகின்றன, இப்போது ஒன்று நாற்பது. எட்டாவது பாட்டு இருபத்தொன்பதாவது நிமிஷத்தில் தொடங்கும். அதற்குள் நான் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டியது ஒரே வரி. எட்டாவது பாட்டில் இருக்கும் கிட்டார் உங்களுடையது இல்லை. இவ்வளவுதான், பத்தொன்பது நாளாக இந்த ஒரு வரி என் வாய்க்குள் கிடக்கிறது, நாக்குக்கு அடியில் வைத்த ஏலக்காய் மாதிரி, மெல்லவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. ரேணு போன் செய்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், அக்கா தப்பா எடுத்துக்காதீங்க என்று தொடங்கினாள், யாராவது அப்படித் தொடங்கினால் முதுகு தானாகவே நிமிர்ந்துவிடுகிறது. அண்ணா பதினாலு தடவை வாசிச்சாருங்க, பதினாலையும் வெட்டி ஒட்டிப் பாத்துட்டேன், சேரலீங்க அக்கா, மத்த பாட்டெல்லாம் பிரமாதம், இது ஒண்ணு மட்டும் விரலால மீட்டற பாட்டு, அண்ணா கையால ஆகலீங்க. ஷில்லாங்கிலிருந்து ஒருத்தர் ஒரு வாரம் இங்கே வந்திருக்கிறார், கேட்டால் வாசிப்பார், வாசிக்கச் சொல்லட்டுமா என்றாள். நான் சரி என்றேன். ஒரு வார்த்தை. யோசிக்கிறேன் என்று சொல்லவில்லை, அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. கையில் அவருடைய பனியன் இருந்தது, வெயிலில் காய்ந்து விறைப்பாக, அதை மடித்துக்கொண்டே சரி என்றேன். கீழே இறங்கி வந்தபோது யாரு போனுல என்று கேட்டார். ரேணு, எல்லாம் நல்லா வந்துனு இருக்குதாம் என்றேன். அதுவும் பொய் இல்லை. பொய் இல்லாததைச் சொல்லிப் பொய் பேசுவது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டு வந்துவிட்டது, ஸ்டீல் கிட்டார் இழுக்கிறது, யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிப்பது போல. பெஞ்சமின் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார், நல்லா இருக்குதில்ல என்று அர்த்தம், நானும் தலையாட்டுகிறேன். நோய் வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாகத்தான் வருகிறது, முகத்துச் சதை விறைத்துவிடும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், ஆனால் புருவம் இன்னும் அவர் பேச்சைக் கேட்கிறது. மூன்று வருஷம் ஆகிறது. முதலில் காபி டம்ளர், பிறகு சட்டைப் பொத்தான், பிறகு கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போய் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆனது. பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னதும் பெஞ்சமின் கேட்ட முதல் கேள்வி, இடது கைக்கும் வருமா டாக்டர். வரலாம், வராமலும் இருக்கலாம் என்றார் அவர். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் பெஞ்சமின் சொன்னார், இடது கை இருந்தா போதும் ஹில்டா, பிடிக்கிறது அதுதானே, வலது கை சும்மா அடிக்கிறதுதானே. அடிக்கிறது நடுங்கினாலும் தாளத்துக்கு நடுங்கட்டும். அந்த ஆட்டோவில் நான் சிரித்தேன். அவர் மாத்திரை நேரத்தைப் பாட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொண்டார். மாத்திரை போட்டு நாற்பது நிமிஷத்தில் கை அடங்கும், ஒன்றரை மணி நேரம் அடங்கியிருக்கும், அந்த ஒன்றரை மணிக்குள் இந்த ஸ்டூடியோவில் ஏழு பாட்டுக்கு வாசித்தார், அவை எல்லாம் பிக் என்ற சின்னத் தகட்டை வைத்து அடிக்கும் பாட்டுகள், மணிக்கட்டு மட்டும் ஆடினால் போதும். ஒன்பதும் பத்தும் பியானோ பாட்டு. எட்டாவது ஒன்றுதான் தனிக் கிட்டாரும் என் குரலும், வேறு ஒன்றுமே இல்லை, ஒளிந்துகொள்ள இடமில்லாத பாட்டு.

அதுவும் அவர் போட்ட மெட்டு. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. மற்றவை எல்லாம் ரேணுவும் நானும் உட்கார்ந்து செய்தவை, ரேணு எங்களை அவள் கல்யாண வரவேற்பில் கேட்டாளாம், பன்னிரண்டு வருஷம் கழித்துத் தேடிப்பிடித்து வந்தாள், அக்கா நீங்க இங்கிலீஷ்ல பாடற பாட்டோட மனசு இருக்குதில்லீங்க, அத தமிழ்ல பாடுங்க என்றாள். பாதி அமெரிக்கக் கிராமத்துக் கன்ட்ரி பாட்டு, பாதி வயசானவங்க சாயங்காலம் உட்கார்ந்து கேட்கிற மெதுவான பாட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன், பெயர் வைப்பது கடைக்காரர்கள் வேலை என்றாள். எனக்கு அந்த இங்கிலீஷ் பாட்டுகள் வந்த வழியை நினைத்தால் வேடிக்கைதான். அப்பா தங்கவயல் ஆபீசர்ஸ் கிளப்பில் பேரர், கீறல் விழுந்து இனி ஓடாது என்று ஒதுக்கிய ரிக்கார்டுகளை வாங்கி வருவார். அவை எங்கள் வீட்டில் ஓடின. ஒரு வார்த்தை புரியாது, கேட்ட சத்தத்தைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிப் பாடுவேன், ரிக்கார்டு சிக்கிக்கொள்ளும் இடத்தில் நானும் சிக்கிக்கொண்டு மூன்று முறை பாடுவேன், அதுதான் பாட்டு என்று நினைத்தேன். பெங்களூருக்கு வந்து முதல் ஹோட்டலில் அப்படியே பாடினபோது பின்னால் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த, டெலிபோன் தொழிற்சாலையில் பகலில் வேலை பார்க்கிற, ஒல்லியான ஆள் சிரிக்கவில்லை. அவரும் என்னோடு மூன்று முறை அதே இடத்தில் நின்று வாசித்தார். கேட்டவர்கள் அது ஒரு புது பாணி என்று கை தட்டினார்கள். மேடையை விட்டு இறங்கின பிறகுதான், தண்ணீர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இடத்துல ஒருவாட்டி பாடினா போதுங்க என்று மெதுவாகச் சொன்னார். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான். ஸ்ருதி கீழே போனால் போச்சு என்பார், வார்த்தையை விழுங்கினால் விழுங்கிட்டே என்பார், ஆனால் இறங்கின பிறகு, தனியாக, முகத்துக்கு நேராக. ஒரு நாளும் மறைத்ததில்லை. நான் மறைத்தேன்.

மூன்றாவது பாட்டு எப்போது முடிந்தது? திரையில் பன்னிரண்டு ஐம்பது. இது நாலாவது, நான் எங்கேயோ போய்விட்டேன், என் ஆல்பத்தையே நான் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன. இது ஒரு வழி, இதையும் பத்தொன்பது நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டால் பாட்டு ஓடும், தன் கிட்டார் என்றே நினைத்துக்கொள்வார், பதினாலில் எதோ ஒன்று சரியாக வந்திருக்கிறது, ரேணு கெட்டிக்காரி, ஒட்டிவிட்டாள் என்று சந்தோஷப்படுவார். நினைத்துக்கொள்வாரா? கிட்டார்காரனுக்குத் தன் விரல் தெரியாதா? பக்கத்து வீட்டில் அடுப்பு பற்றவைக்கிற சத்தத்தை வைத்து இன்றைக்கு இட்லியா தோசையா என்று சொல்கிறவர். முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன செய்வார்? ஒன்றும் செய்யமாட்டார், அதுதான். சத்தம் போடுகிறவராக இருந்தால் எவ்வளவு சுலபம். இந்த சோபாவில் அப்படியே உட்கார்ந்து, ஒன்பதையும் பத்தையும் கேட்டு, ரேணுவுக்குக் கை கொடுத்து, வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அதற்குப் பிறகு அந்தக் கிட்டார்ப் பெட்டியைத் திறக்கவே மாட்டார். நான் பயப்படுவது அதற்குத்தான். கிட்டார் இல்லாத பெஞ்சமினை எனக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் ஸ்கூலில் பாட்டு வகுப்பு முடித்து நான் வரும்போது கட்டிலின் மேல் பெட்டி இருக்கும், அவர் பக்கத்தில் இருப்பார், அறையில் தந்திக்குத் தடவுகிற தைலத்தின் வாசனை இருக்கும், அதைப் பார்த்தால்தான் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றும். நான் ஒரு வரி சொல்லி அது நின்றுபோனால்?

எத்தனை முறை சொல்லப் போனேன். முதல் ஞாயிறு, கோயிலிலிருந்து நடந்து வரும்போது, வழியில் அவர் செருப்பு வாரில் சிக்கிய கல்லை எடுக்கக் குனிந்தார், குனிந்தவர் நிமிர நேரமானது, அப்போது சொல்ல முடியுமா. புதன்கிழமை காலையில், இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, வாயைத் திறந்துவிட்டேன், ஏங்க என்று கூப்பிட்டும் விட்டேன், மேடையில்தான் அவரைப் பெஞ்சி என்பேன், வீட்டில் ஏங்கதான், அவர் நிமிர்ந்து இன்னா என்றார், வாயோரத்தில் சட்னி, அதைத் துடைத்துவிட்டு ஒன்றுமில்லை என்றேன். நேற்று ராத்திரி தீர்மானமாக இருந்தேன், நாளைக்குக் கிளம்பும்போது சொல்லிவிடுவது என்று. இன்று காலை அவர் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். நான் மாட்டிவிடுகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் பிடிக்காது, கதவோரம் நின்று பூட்டைத் தேடுகிற மாதிரி நின்றேன். பதினோரு நிமிஷம். இரண்டு சாக்ஸ், பதினோரு நிமிஷம், வேர்த்துப் போய் நிமிர்ந்து, போலாமா, லேட்டாயிடுச்சா என்று கேட்டார். ஆல்பத்தை முதல்முதலாக முழுசாகக் கேட்கப் போகிற நாளுக்கென்று கோயில் சட்டையும் கறுப்பு ஷூவும் போட்டு நிற்கிற மனுஷனிடம் என்னவென்று சொல்வது. பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், அடுத்து நான். லிங்கராஜபுரம் பாலம் இறங்கும்போது அவராகவே சொன்னார், எட்டாவது பாட்டு எப்பிடி வந்துச்சோ தெரியல, அதுல நாலாவது தடவ வாசிச்சது நல்லா இருந்துச்சுன்னு நெனைக்கிறேன், பாப்போம். நான் வெளியே பார்த்தேன். வெளியே ஒரு சலூன், ஒரு பூக்கடை, ஒரு சலூன்.

ஐந்தாவது பாட்டு, இது என் குரலுக்குக் கீழே ரேணுவே பாடின இரண்டாம் குரல், நன்றாகத்தான் இருக்கிறது, அவர் கால் ஷூவுக்குள்ளேயே தாளம் போடுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அதை இதுவரைக்கும் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்கவில்லை, ஓரத்திலேயே சுற்றிக்கொண்டு வருகிறேன், ஈரத் தரையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி. ஷில்லாங்காரர் வாசித்ததை ரேணு எனக்கு அனுப்பினாள். ஸ்கூலில், ஸ்டாஃப் ரூமில், மத்தியான இடைவேளையில், காதில் வைத்துக் கேட்டேன். நன்றாக இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் தண்ணீர்ச் சொட்டு மாதிரி விழுந்தது, அதன் நடுவில் என் குரல் எதற்கும் பயப்படாமல் நடந்து போனது, ரோடு காலியாக இருக்கிறபோது நடுவில் நடப்போமே அப்படி. பெஞ்சமினின் பதினாலிலும் நான் பாடும்போது ஒரு காது அவர் விரல் மேலேயே இருந்தது, இப்போது தவறுமோ, இப்போது தவறுமோ என்று, அது என் குரலில் கேட்கும். இதற்காக ரேணு என்னையும் தனியாக மறுபடி பாடவைத்தாள், வியாழக்கிழமை, அவருக்கு டாக்டர் நாள், அவர் தம்பியோடு போயிருந்தார், நான் ஸ்கூலில் கூட்டம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து அந்த அந்நிய மனுஷனின் கிட்டாருக்குப் பாடினேன், ஒரே முறை, முடிந்தது. ரேணு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் இவ்வளவு நன்றாக நான் பாடினதில்லை என்று எனக்கே தெரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சந்தோஷமாகவே இருந்தேன், பழக்கடையில் சப்போட்டா வாங்கினேன், கதவைத் திறந்து அவரைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. அவர் மெட்டை, அவர் இல்லாமல், அவரை விட நன்றாக. அந்த மெட்டு எப்படிப் பிறந்தது தெரியுமா உனக்கு, என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், தெரியும், கல்யாணமான முதல் வருஷம் எனக்கு டைபாய்டு, பதினெட்டு நாள் படுத்திருந்தேன், வாடகைக்கு இருந்த ஒற்றை அறை, கண்ணை மூடினால் சுவர் சுற்றும். அவர் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலிருந்து கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதே பன்னிரண்டு ஸ்வரத்தைத் திருப்பித் திருப்பி வாசிப்பார், அதைப் பிடித்துக்கொண்டால் சுவர் நிற்கும். நான் தூங்கிவிட்டேன் என்று நிறுத்தினால் முழித்துக்கொள்வேன். விரல் நுனி வெடித்து, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வாசித்தார். வார்த்தை நான் எழுதினது, இப்போதுதான், போன வருஷம். ஜன்னலைச் சாத்து, காத்து வருது, உன் கையை என் கையில வை, சூடா இருந்தா இருக்கட்டும்.

ஆறு. ஆறாவது பாட்டு. இருபத்தொன்று பத்து. பேசாமல் இப்போதே அவர் காதில் சொல்லிவிடலாம், இசை சத்தமாகத்தான் இருக்கிறது, ரேணுவுக்குக் கேட்காது. உதட்டைப் பிரிக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். தன் கிட்டாரைக் கேட்கிறார், இதில் இருப்பது அவர்தான், கணீரென்று அடிக்கிறார், இருபத்தைந்து வயசுக்காரன் மாதிரி. கேட்கட்டும், இந்தப் பாட்டு முடியட்டும். முடிந்தது. ஏழாவது தொடங்குகிறது. இதுவும் முடியட்டும் என்று சொல்லிக்கொள்கிற அதே மனசு, இனி முடிய எதுவும் பாக்கி இல்லை என்றும் சொல்கிறது. ஏழாவது பாட்டு மூன்று நிமிஷம் ஐம்பது நொடி. வயலின் வருகிறது. மூன்று நிமிஷம். பேசாமல் இருந்துவிடு, தானாகத் தெரியட்டும், தெரிகிறபோது பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நிமிஷம். அப்போது அவர் ரேணுவின் முதுகைப் பார்த்துக்கொண்டு, தனியாக, தானே கண்டுபிடித்துக்கொள்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை வேடிக்கை பார்ப்பேன். அதை என்னால் பார்க்க முடியாது. சொல்கிறது கஷ்டம், பார்க்கிறது முடியாது. பத்தொன்பது நாளாக இது எனக்குத் தோன்றவில்லை. வயலின் ஒரு நீள இழுப்பு இழுத்து ஓய்கிறது.

“ரேணு, நிறுத்தும்மா,” என்றேன்.

நிறுத்தமாட்டேன் என்றவள் நிறுத்திவிட்டாள். பஞ்சுச் சுவர் எல்லாச் சத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அடுத்த பாட்டில் இருப்பது நீங்கள் வாசித்தது இல்லை, ஷில்லாங்கிலிருந்து வந்த ஒருவர் வாசித்தது, எனக்குப் பத்தொன்பது நாளாகத் தெரியும், நான்தான் சரி சொன்னேன், ஸ்கூலில் கூட்டம் என்று சொன்ன அன்றைக்கு இங்கே வந்து அவர் வாசிப்புக்குப் பாடினேன். நினைத்ததை விட நீளமாகப் போயிற்று, ஒரு வரி என்று நினைத்திருந்தேன். ரேணு திரும்பவில்லை, அவள் கழுத்து சிவந்துபோனதை மட்டும் பார்த்தேன். பெஞ்சமின் சோபாவின் கையைப் பிடித்து எழுந்தார், ஒரு முறையில் முடியவில்லை, இரண்டாவது முறையில் எழுந்தார், கனமான கதவை இடது தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவு மெதுவாக வந்து மூடிக்கொண்டது. நான் போகட்டுமாக்கா என்றாள் ரேணு. வேண்டாம் என்று நான் எழுந்தேன்.

வெளியே ஒரே வெளிச்சம், கண் கூசியது. மாடிப்படியின் மேல் படியில் உட்கார்ந்திருந்தார். கீழே ரோட்டில் கேஸ் சிலிண்டர் வண்டி நின்றிருந்தது, இறக்குகிற சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. அவர் கையில் மாத்திரை அட்டை, கட்டை விரலால் அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார், கை அட்டையோடு சேர்ந்து ஆடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாங்கிப் பிரித்துக் கொடுக்க என் கை பரபரத்தது, மடியிலேயே வைத்துக்கொண்டேன். நாலைந்து முறை முயன்ற பிறகு அவராகவே அட்டையை என் பக்கம் நீட்டினார். பிரித்துக் கொடுத்தேன். தண்ணீர் இல்லாமலே விழுங்கினார்.

“உனக்கு ஸ்ருதி போனா நான் உன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கிறேன். ஒரு நாளாவது உங்கிட்ட மறைச்சிருக்கிறனா?” என்றார். கோபம் இருந்தது, குரல் உயரவில்லை. நோய் குரலையும் சின்னதாக்கிவிட்டது, கோபமும் சின்னதாகத்தான் பட முடிகிறது அவரால்.

“இல்ல,” என்றேன். “பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“நீங்க வாசிக்கிறத விட்டுடுவீங்கன்னு.”

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் வண்டி கிளம்பிப் போனது. பிறகு சொன்னார், ஈஸ்டருக்கு அப்புறம் நான் வாசிக்கவே இல்ல, ஹில்டா. ரெக்கார்டிங் முடிஞ்ச அன்னியோட சரி. எனக்குப் புரியவில்லை. தினமும் சாயங்காலம் பெட்டி கட்டில் மேலதானே இருக்கும் என்றேன். நீ வர்ற நேரத்துக்குத் திறந்து துடைச்சு வைப்பேன், தைலம் போடுவேன், கேட் சத்தம் கேட்டதும் மூடுவேன், அவ்வளவுதான் என்றார். நீ வந்து அந்தப் பெட்டியப் பாத்துட்டுத்தான் செருப்பக் கழட்டறே, நான் பாத்திருக்கிறேன் என்றார்.

படியின் சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் அவரவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம், அடுத்தவர் மேல் காற்று படக்கூடாது என்று. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, நீண்ட நேரம் சுமையோடு நின்றவளுக்கு உட்கார இடம் கிடைத்த மாதிரி. அவர்தான் பேசினார்.

“நல்லா வாசிச்சிருக்காரா?”

இங்கேயும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. பரவால்ல, உங்க அளவுக்கு இல்ல என்று ஒரு வரி, அவர் நம்பமாட்டார், ஆனால் ஏற்றுக்கொள்வார், இரண்டு பேரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு வருஷம் மேடையை விட்டு இறங்கின பிறகு தண்ணீர் டம்ளரோடு அவர் என்னைப் பார்த்த பார்வையால் இப்போது நான் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது.

“ரொம்ப நல்லா வாசிச்சிருக்காரு,” என்றேன். “நானும் நல்லா பாடியிருக்கிறேன்.”

தலையை ஆட்டினார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை, வெயில் கீழ்ப் படியிலிருந்து நாங்கள் இருந்த படிக்கு ஏறிவிட்டது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும், கை மெல்ல மெல்ல அடங்கி முழங்கால் மேல் வந்து உட்கார்ந்தது. வா, கேப்போம் என்று எழுந்தார், இந்த முறை ஒரே தடவையில்.

ரேணு பொத்தானை அழுத்தினாள். முதல் சொட்டு விழுந்தது. பன்னிரண்டு ஸ்வரம், பிறகு மறுபடி பன்னிரண்டு. நான் பெஞ்சமின் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடின. ஜன்னலைச் சாத்து என்று நான் தொடங்கினபோது அவருடைய இடது கை என் முன்னங்கையின் மேல் வந்து விழுந்தது. விழுந்த கை சும்மா இருக்கவில்லை. கிட்டாரின் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி என் கையைப் பிடித்து, நாலு விரலும் நாலு இடத்தில் அழுந்தி, மாறி, மறுபடி அழுந்தின. ஒவ்வொரு பிடியாக, பாட்டோடு கூடவே, ஒரு இடத்திலும் தவறாமல், அந்தக் கைக்கு இன்னும் எதுவும் ஆகவில்லை. விரல் நுனியில் காய்த்துப்போயிருக்கும் தோல் சொரசொரவென்று பட்டது. ஷில்லாங்காரர் எங்கேயோ மீட்டினார், பெஞ்சமின் என் கையில் பிடித்தார், நான் இரண்டுக்கும் நடுவில் பாடிக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் ரேணு மெதுவாகத் திரும்பினாள். பெஞ்சமின் கையை எடுக்காமலே கேட்டார், வாசிச்சவர் பேரு இன்னா. பான்ஷான் என்றாள். அட்டையில போட்டாச்சா என்றார். நீங்க சொல்லாம போட வேண்டாம்னு வெச்சிருக்கேனுங்கண்ணா என்றாள். போடுங்க, எழுத்துக்கூட்டு அவரையே கேட்டுப் போடுங்க, நம்ம இஷ்டத்துக்குப் போட்டுடாதீங்க என்றார். அவள் குறித்துக்கொண்டாள். ஒன்பதாவது போடட்டுங்களா என்று கேட்டாள். இருங்க என்றார்.

“ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி கிட்டார் ஒரு துளி சத்தமா இருக்குது. அத கொஞ்சம் கீழ எறக்குங்க. அவ மூச்சு எடுக்கிறது கேக்கல.”

மூச்சுச் சத்தத்தை எல்லாரும் வெட்டித்தானுங்கண்ணா எறிவாங்க என்றாள் ரேணு. சொல்லிவிட்டு அவளே பொத்தானில் கையை வைத்தாள். எவ்வளவு என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இறக்கினாள், இன்னும் என்றார், இன்னும் கொஞ்சம், போதும் என்றார். மறுபடி அந்த இடத்திலிருந்து போட்டாள். கிட்டார் நாலு அடி பின்னால் தள்ளி நின்றது, அந்த இடைவெளியில், வார்த்தை வருவதற்கு முன்னால், நான் மூச்சு இழுப்பது கேட்டது. யாரோ கட்டிலில் புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். எனக்கே என் மூச்சு அப்படிக் கேட்கும் என்று தெரியாது. பெஞ்சமின் கண்ணை மூடிக்கொண்டார், அவருடைய விரல்கள் என் கையில் அடுத்த வரிக்கு இடம் மாறின.